கணினிக் கேள்வி பதில்: ஒரே பென்ட்ரைவ், லப்டொப்பில் மட்டும் ஓடாத ஸ்கிரிப்ட்

கேள்வி: அண்ணை, ஒரு கல்வி நிலையத்தின் கொம்பியூட்டர் அறையை நான்தான் பார்க்கிறேன். எல்லா மெஷினுக்கும் விண்டோஸ் 11 புதிதாகப் போடுகிறேன். லிப்ரே ஆபிஸ், விஎல்சி, இலங்கை நேரம், தமிழ் விசைப்பலகை எல்லாம் தானாக அமைய, நிறுவலின் முடிவில் விண்டோஸ் தானே ஓட்டும் 'செட்டப்கம்ப்ளீட்.சிஎம்டி' என்ற ஸ்கிரிப்டை (கட்டளைக் கோப்பை) எழுதிப் பென்ட்ரைவில் வைத்தேன். மேசைக் கணினிகளில் ஓடியது, ஆனால் தமிழ் விசைப்பலகை மட்டும் வரவில்லை. விண்டோஸோடு வாங்கிய லப்டொப்களில் ஸ்கிரிப்ட் ஓடவே இல்லை. எங்கே பிழை?
– வாசகர், கோண்டாவில்

பதில்: தம்பி, மேசைக் கணினிகளில் மற்றதெல்லாம் ஏறியிருப்பதால் கோப்பை இடம் பார்த்துத்தான் வைத்திருக்கிறீர்கள். பென்ட்ரைவின் சோர்சஸ் கோப்புறைக்குள் $ஓஇஎம்$, அதற்குள் $$, பிறகு செட்டப், ஸ்கிரிப்ட்ஸ். (பெயர்களையும் கட்டளைகளையும் இங்கே தமிழில் எழுதுகிறேன், நீங்கள் ஆங்கில எழுத்திலேயே அடியுங்கள்.) உங்கள் இரண்டு கேள்விக்கும் வெவ்வேறு காரணம்.

முதலில் லப்டொப். விண்டோஸோடு விற்கும் லப்டொப்பின் பயோஸுக்குள் (தாய்ப்பலகையில் இருக்கும் அடிப்படை மென்பொருள்) தயாரிப்பாளர் கொடுத்த ஓஇஎம் சாவி, அதாவது விண்டோஸ் உரிம எண், பதிந்திருக்கும். நிறுவும்போது விண்டோஸ் அதைத் தானே எடுத்துக்கொள்ளும். ஓஇஎம் சாவி என்று கண்டால் ஹோம், புரோ பதிப்புகளில் செட்டப்கம்ப்ளீட்டை ஓடவிடாது. இது மைக்ரோசொப்ட் வேண்டுமென்றே வைத்த தடை. என்டர்பிரைஸ், சேர்வர் பதிப்புகளுக்கு மட்டும் விலக்கு. சந்தேகம் என்றால் சி டிரைவில் விண்டோஸ், பாந்தர், அன்அட்டென்ட்ஜிசி என்று உள்ளே போய் செட்டப்ஆக்ட்.லாக் கோப்பைத் திறந்து 'செட்டப்கம்ப்ளீட்' என்று தேடுங்கள். ஓஇஎம் உரிமம் கண்டதால் ஓடவிடவில்லை என்று ஒரு வரி இருக்கும். நாள் முழுக்க ஸ்கிரிப்டைத் திருத்தித் திருத்திப் பார்ப்பதைவிட அந்த ஒரு வரியைப் பார்ப்பது மேல்.

இனி விசைப்பலகை. செட்டப்கம்ப்ளீட் ஓடுவது யாரும் லொகின் செய்வதற்கு முன்னால், சிஸ்டம் என்ற கணக்கில். இலங்கை நேரம் முழு மெஷினுக்கும் பொதுவானது என்பதால் 'டிஇசட்யூட்டில் /எஸ் "ஸ்ரீ லங்கா ஸ்டான்டர்ட் டைம்"' அங்கே சரியாக வேலை செய்யும். விசைப்பலகை ஆளுக்கு ஆள் வேறு. நீங்கள் சேர்த்த தமிழ், சிஸ்டம் கணக்குக்குத்தான் போயிருக்கிறது. அந்தக் கணக்கில் யார் இருந்து தட்டச்சுச் செய்யப்போகிறார்கள்?

இரண்டுக்கும் ஒரே மருந்து ஓட்டோஅன்அட்டென்ட்.எக்ஸ்எம்எல். நிறுவும்போது விண்டோஸ் கேட்கும் கேள்விகளுக்கான பதில்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் கோப்பு அது. பென்ட்ரைவைத் திறந்தவுடன் தெரியும் இடத்தில், எந்தக் கோப்புறைக்குள்ளும் போடாமல் வையுங்கள். அதில் ஊபிசிஸ்டம் பகுதியில் பெர்ஸ்ட்லொகொன்கமாண்ட்ஸ் என்று ஒன்று உண்டு. முதல் ஆள் லொகின் செய்யும்போது அவருடைய கணக்கிலேயே அது ஓடும், ஓஇஎம் சாவி தடுக்காது. தமிழைச் சேர்க்கும் கட்டளையை அங்கே மாற்றுங்கள். லப்டொப்களுக்கு மிச்ச வேலைகளையும் அங்கேயே கொடுங்கள்.

ஆனால் ஒன்று: அது முதல் ஆளுக்கு மட்டும். மாணவர்களுக்கு வேறு கணக்குத் திறப்பதாக இருந்தால், அதைத் திறக்கும் முன் கொன்ட்ரோல் பனலில் ரீஜன் போய், அட்மினிஸ்ட்ரேட்டிவ் பக்கத்தில் 'கொப்பி செட்டிங்ஸ்' அழுத்திப் புதிய கணக்குகளுக்கும் என்று தெரிவுசெய்யுங்கள். பிள்ளைகள் வந்து இருந்தவுடன் தமிழில் அடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கொம்பியூட்டர் அறை நடத்துகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பது என் எண்ணம்.

வேறு சில. செட்டப்கம்ப்ளீட்டில் எதுவும் கேள்வி கேட்டு நிற்கக் கூடாது. திரையே தெரியாத நேரத்தில் 'நெக்ஸ்ட்' அழுத்த ஆளில்லை, மெஷின் அப்படியே காத்திருக்கும். மென்பொருளை நிறுவும் கோப்பு எம்எஸ்ஐ வகையானால், கேள்வி கேட்காமலும் ரீஸ்டார்ட் ஆகாமலும் ஓட /கியூஎன் /நோரீஸ்டார்ட் சேர்த்துவிடுங்கள். இடையில் ரீஸ்டார்ட் கட்டளை போடவே வேண்டாம், நிறுவல் குழம்பிவிடும். மென்பொருள்களையும் பென்ட்ரைவிலேயே வையுங்கள். போன் ஹொட்ஸ்பொட்டை நம்பி இன்ரநெற்றில் இருந்து இறக்கும் கட்டளை எழுதினால், அந்த நேரத்தில் வைஃபை இணைந்தே இருக்காது. எக்ஸ்எம்எல்லில் கடவுச்சொல் எழுதியிருந்தால், வேலை முடிந்ததும் பாந்தர் கோப்புறையில் கிடக்கும் பிரதியை மறக்காமல் அழியுங்கள்.

கேள்வி: ஒரு கடையில் என் லப்டொப்பை அழித்துப் புதிதாக விண்டோஸ் போட்டுத் தந்தார்கள். இப்போது திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கறுப்புப் பெட்டி வந்து மறைகிறது. இன்ஸ்டோல் செய்யும்போது ஓடும் ஸ்கிரிப்ட்தான், பயப்படாதீர்கள் என்று மகன் சொல்கிறார். சரியா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, சாவகச்சேரி

பதில்: ரீச்சர், முதல் நாள் மட்டும் வந்திருந்தால் மகன் சொல்வது சரி. நிறுவலோடு வரும் ஸ்கிரிப்டுகள் ஒரு தடவை ஓடி முடிந்துவிடும். ஒவ்வொரு முறையும் வருகிறது என்றால், ஏதோ ஒன்றை நிரந்தரமாகப் பதிந்து வைத்திருக்கிறார்கள். அது பிரின்டருக்கான சாதாரண விஷயமாகவும் இருக்கலாம், களவாக விண்டோஸை அக்டிவேட் செய்யும் ஸ்கிரிப்டாகவும் இருக்கலாம். இரண்டாவது வகையை எவர் எழுதினார், உள்ளே என்ன வைத்தார் என்று கடைக்காரருக்கே தெரியாது.

கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் வரும். அதில் 'ஸ்டார்ட்அப் அப்ஸ்' பக்கத்தைப் படம் எடுத்து மகனுக்கு அனுப்புங்கள். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே ஓட்டும் டாஸ்க் ஷெடியூலரையும், சி டிரைவில் விண்டோஸ், செட்டப், ஸ்கிரிப்ட்ஸ் கோப்புறையையும் அவர் தூரத்தில் இருந்தே பார்க்கலாம். அங்கே கிடக்கும் எதையும் இரட்டைக் கிளிக் செய்யாமல் நோட்பாடில் திறந்து வாசிக்கச் சொல்லுங்கள். அது என்னவென்று தெரியும் வரை அந்த லப்டொப்பில் வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம்.