43 தலைகளும் ஒரு பேனரும்

கேள்வி: வணக்கம் அண்ணா. ஸ்ரீராம்புரத்தில் சின்னதாக ஒரு டிசைனிங் கடை வைத்திருக்கிறேன். பத்து வருஷமாகக் கல்யாணப் பத்திரிகை மட்டும்தான் செய்துகொண்டிருந்தேன். போன தை மாதத்திலிருந்து பேனர் ஆர்டரும் எடுக்கிறேன். அன்றிலிருந்து கம்ப்யூட்டர் படுத்துகிறது. போட்டோஷாப்பில் பிரஷ்ஷை ஒரு இழுப்பு இழுத்தால், அது திரையில் வருவதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். கோரல் டிரா திறக்கவே இரண்டு நிமிஷம். எஸ்.பி. ரோட்டில் கம்ப்யூட்டர் கடைகளில் கேட்டேன், கிராஃபிக்ஸ் கார்டு போடச் சொன்னார்கள். இருபதாயிரத்துக்கு மேல் செலவழித்துப் போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. இப்போது மதர்போர்டு, பிராசஸர் எல்லாம் பழசு, மொத்தமாக மாற்றிவிடு என்கிறார்கள். மாற்றவா?
– பேனர் டிசைனர், ஸ்ரீராம்புரம், பெங்களூரு

பதில்: இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம் தம்பி.

கடிதத்துக்குக் கடிதத்திலேயே பதில் சொல்வதுதான் என் வழக்கம். ஆனால் போன ஞாயிறு மல்லேஸ்வரத்தில் ஒரு வேலை இருந்தது. ஸ்ரீராம்புரம் பக்கத்திலேயே என்பதால் தம்பியின் கடைக்கு நேரிலேயே போய்விட்டேன். அங்கே பார்த்ததை மற்ற வாசகர்களுக்கும் பயன்படும் என்று அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

முதலில் கம்ப்யூட்டரின் முதுகைப் பார்த்தேன். புது கார்டு பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது. மானிட்டர் ஒயர் அதில் இல்லை. மேலே மதர்போர்டில் இருக்கிற பழைய ஓட்டையிலேயே செருகி இருக்கிறது. பிராசஸருக்குள்ளேயே சின்னதாக ஒரு கிராஃபிக்ஸ் உண்டு என்பதால் அதில் செருகினாலும் படம் வரும், யாருக்கும் சந்தேகம் வராது. நாலு மாதமாகக் கார்டு சும்மா காற்று வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. ஒயரைப் பிடுங்கிக் கீழே கார்டில் செருகினேன். தம்பி என்னைப் பார்த்த பார்வையில் இருபதாயிரமும் தெரிந்தது.

இத்தோடு கதை முடிந்தது என்று நினைத்தால் இல்லை. போட்டோஷாப்பில் பெரிதாக்கிச் சிறிதாக்குவது, படத்தை நகர்த்துவது கொஞ்சம் வழுக்கிக்கொண்டு போனது, அவ்வளவுதான். பிரஷ் இழுப்பு அதே டீ நேரம். கார்டு இவருக்கு மருந்தே இல்லை. இந்த வேலையில் கார்டு கை கொடுக்கும் இடங்கள் குறைவு. மெதுவாக இருக்கிறது என்று சொன்ன உடனே கார்டு வாங்கச் சொல்வது, இருமுகிறவனிடம் எக்ஸ்ரே கூட எடுக்காமல் ஆபரேஷன் என்று சொல்கிற மாதிரி.

எக்ஸ்ரே உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது, இலவசம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்த வேலையில் திக்குகிறதோ அதைச் செய்து பாருங்கள். தம்பியின் கம்ப்யூட்டரில் பிரஷ்ஷை இழுத்ததும் பிராசஸர் 15 சதவீதத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. மெமரி முட்டிக்கொண்டு நின்றது. ஹார்டு டிஸ்க் 100 சதவீதம். ‘பிராசஸர் பழசு’ என்றார்களே, அந்தப் பிராசஸருக்கு வேலையே வந்து சேரவில்லை!

இன்னொன்றும் பாருங்கள். போட்டோஷாப்பில் படத்துக்குக் கீழே இடது மூலையில் ஃபைல் அளவு காட்டும் ஒரு சின்னப் பட்டை இருக்கும். அதன் ஓரத்து அம்புக்குறியைத் தட்டி ‘எஃபிஷியன்சி’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். 100 என்று நின்றால் எல்லா வேலையும் மெமரியிலேயே நடக்கிறது. அதற்குக் கீழே இறங்கினால், மெமரி போதாமல் ஸ்க்ராட்ச் டிஸ்க்குக்கு, அதாவது ஹார்டு டிஸ்க்கில் ஒரு மூலைக்கு, எடுத்துப்போவதும் கொண்டுவருவதுமாக அலைகிறது. தம்பிக்கு 38 காட்டியது. மெமரி 8 ஜிபி. டிஸ்க், தட்டு சுற்றும் பழைய வகை. சி டிரைவில் மிச்சம் 9 ஜிபி. இது போதாதென்று, ஏதோ வீடியோவைப் பார்த்துப் போட்டோஷாப்புக்கான மெமரி ஒதுக்கீட்டை 100 சதவீதமாக ஏற்றி வைத்திருந்தார். 70-தான் அது தானாக வைத்துக்கொள்ளும் அளவு. முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டால் விண்டோஸ் எங்கே போகும்? அதுவும் டிஸ்க்கில் போய் விழும். 70-க்கே இறக்கிவிட்டேன்.

சரி, 8 ஜிபி போதாத அளவுக்கு அப்படி என்ன ஃபைல்? இங்கேதான் விஷயம்.

ஆடி மாதம் கூழ் ஊற்றும் விழாவுக்கு 20 அடிக்கு 10 அடி பேனர். பின்னணியில் கோபுரமும் அம்மனும் போட்டோஷாப்பில். பத்திரிகைக்குப் பழகிய கை என்பதால் புது ஃபைலைத் திறக்கும்போதே 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, போட்டிருக்கிறார். கையில் வைத்துப் படிக்கிற பத்திரிகைக்கு அது சரி. 20 அடிக்குப் போட்டால்? அகலம் 72,000 பிக்சல், உயரம் 36,000. மொத்தம் 259 கோடிப் பிக்சல். அச்சுக்கான நாலு வண்ண முறையான சிஎம்ஒய்கே-வில் ஒரு பிக்சலுக்கு 4 பைட். ஒரே ஒரு லேயரே, அதாவது படத்தின் ஒரு அடுக்கே, சுமார் 10 ஜிபி! போட்டோஷாப் சும்மா இருக்கவில்லை. ஒரு பக்கம் 30,000 பிக்சலைத் தாண்டினால் வழக்கமான பிஎஸ்டி ஃபைலாகச் சேமிக்க முடியாது, ராட்சத ஃபைலுக்கான பிஎஸ்பி-யாகத்தான் சேமிக்க விடும். ‘அது ஏதோ புது வெர்ஷன் போல’ என்று தம்பி ஓகே கொடுத்துவிட்டார்.

பேனரை யாரும் மூக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பதில்லை. தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கிறார்கள். இந்த அளவுக்கு 72 டிபிஐ தாராளம். சந்தேகமிருந்தால் பிரிண்ட் போடுகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். 72-க்கு இறக்கினால் 17,280-க்கு 8,640 பிக்சல், ஒரு லேயர் சுமார் 600 எம்பி. இமேஜ் சைஸில் மாற்றி, வேறு பெயரில் சேமித்து, மறுபடி திறந்தோம். பிரஷ் கையோடு வந்தது. எஃபிஷியன்சி 38-லிருந்து 90-க்கு மேல் போய் நின்றது. இதுவரை ஒரு பைசா செலவில்லை.

அடுத்து கோரல். பேனர் என்றால் தலைகள் இல்லாமல் இருக்குமா? இதில் 43. தலைவர், உப தலைவர், பொருளாளர், அவர் மச்சான், ‘அன்பு உள்ளங்கள்’ வரிசையில் இன்னும் முப்பத்தொன்பது பேர். எல்லாம் வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பிய செல்போன் படம். தம்பி ஒவ்வொன்றையும் கோரலில் இறக்கி, வட்டம் போட்டு, பவர்கிளிப் பண்ணி வைத்திருக்கிறார். ஒரு வட்டத்தைத் திறந்து காட்டினேன். வெளியே தெரிவது பொருளாளரின் முகம் மட்டும். உள்ளே அவருடைய முழு உடம்பு, பின்னால் நிறுத்தியிருந்த பைக், சுவரில் எழுதிய ‘நோ பார்க்கிங்’ எல்லாம் அப்படியே இருக்கிறது. பவர்கிளிப் மறைக்கும், வெட்டாது. 12 மெகாபிக்சல் படம் ஒன்று திறந்தால் 36 எம்பி. 43 தலைக்கு ஒன்றரை ஜிபி. ஒவ்வொரு வட்டத்துக்கும் நிழல் வேறு கொடுத்திருக்கிறார். மவுஸை அசைத்தால் கோரல் 43 நிழலையும் மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும்.

அசல் ஃபைலைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வட்டத்தையும் தேர்ந்தெடுத்து, பிட்மேப்ஸ் மெனுவில் கன்வெர்ட் டு பிட்மேப் கொடுங்கள். 72 டிபிஐ, பின்னணி டிரான்ஸ்பரன்ட். ஒரு அடித் தலைக்கு 864 பிக்சல்தான் தேவை. 43 தலையும் சேர்ந்தே 100 எம்பி சுமாருக்கு வந்துவிடும். அடுத்த தடவை, கோரலுக்குள் கொண்டுவரும் முன்பே முகத்தை மட்டும் வெட்டிக்கொண்டு வாருங்கள். நிழலைக் கடைசியில் போடுங்கள். எழுத்தை நகர்த்தி அடுக்கும்போது வியூ மெனுவில் வயர்ஃபிரேமுக்குப் போய்விடுங்கள். கோடு மட்டும் தெரியும், பறக்கும்.

கோரல் திறக்க ஆகும் இரண்டு நிமிஷம் தனிக் கதை. அதில் இரண்டு குற்றவாளிகள். டீஃபால்ட் பிரிண்டராக இருந்தது பக்கத்துத் தெருவில் மாமா கடையின் நெட்வொர்க் பிரிண்டர். மாமா ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதில்லை. கோரல் திறக்கும்போதே பிரிண்டரைக் கூப்பிட்டுப் பார்க்கும். பதில் வராவிட்டால் காத்துக்கொண்டு நிற்கும். மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப் என்பதை டீஃபால்ட் ஆக்கினேன். அதோடு, டீஃபால்ட் பிரிண்டரை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும் என்கிற டிக்கையும் எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் நாளைக்கே மாமா திரும்பி வந்துவிடுவார்.

இரண்டாவது குற்றவாளி ஃபான்ட். நானும் காட்டன்பேட்டையில் ஒரு அச்சகத்தில் பேஜ்மேக்கரில் ஆரம்பித்தவன்தான், இந்த வியாதி எனக்கும் உண்டு. தமிழ் டிடிபி ஆசாமி ஒவ்வொருவரும் யாரிடமிருந்தோ ஒரு ஃபான்ட் ஃபோல்டரை வாங்கி, தன் பங்குக்கு நூறு சேர்த்து, அடுத்தவருக்குக் கொடுப்பார். தம்பியிடம் 2,400. அதில் பாதி, ஒரே எழுத்து வேறு வேறு பெயரில். தினமும் எது பயன்படுகிறது என்று எண்ணச் சொன்னேன். விரலை மடக்கி மடக்கி 11-ல் நின்றார். தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வேறு ஃபோல்டரில் போட்டுவிடுங்கள், வேண்டும்போது இன்ஸ்டால் செய்துகொள்ளலாம். விண்டோஸ் தன் வேலைக்கு வைத்திருக்கும் ஃபான்ட்டுகளில் மட்டும் கை வைக்காதீர்கள். இரண்டையும் சரிசெய்த பிறகு கோரல் 25 விநாடியில் திறந்தது.

செலவு செய்தே தீருவேன் என்றால் இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் ஒரு எஸ்எஸ்டி, அதாவது தட்டு சுற்றாத வேகமான டிஸ்க். விண்டோஸ், போட்டோஷாப், ஸ்க்ராட்ச் டிஸ்க் மூன்றும் அதில். பழைய ஹார்டு டிஸ்க் ஃபைல் சேமிக்க இருக்கட்டும். ஸ்க்ராட்ச்சை சி-யிலிருந்து டி-க்கு மாற்றினால் போதாதா என்று தம்பி கேட்டார். உங்கள் சி-யும் டி-யும் ஒரே தட்டின் இரண்டு பாதி. ஒரே முள்தான் இரண்டுக்கும் ஓடுகிறது. அடுத்தது மெமரி 16 ஜிபி, இரண்டு 8 ஆக, இரண்டு ஸ்லாட்டிலும். மூன்றாவது என்று ஒன்று இப்போதைக்கு இல்லை.

கிளம்பும்போது, போட்டோஷாப் எங்கே வாங்கியது என்று கேட்டேன். சிரித்தார். தெருவில் கிடைக்கிற கிராக் காப்பியோடு யாரோ ஒருவருக்காகக் கிரிப்டோ காசு தோண்டுகிற மைனிங் புரோகிராமும் சேர்ந்து வருவது உண்டு. ஒன்றும் திறக்காதபோதே பிராசஸர் கொதித்துக்கொண்டிருந்தால் அதைச் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: ரிட்டயர்டு ஆனவன். பழைய குடும்பப் படங்களை ஸ்கேன் செய்து கிம்ப் என்கிற படம் திருத்தும் புரோகிராமில் சரிசெய்கிறேன். காலையில் நன்றாகப் போகிறது. அரை மணி நேரத்தில் எல்லாம் ஊர்கிறது. அணைத்துவிட்டு மத்தியானம் போட்டால் மறுபடி சரி. வைரஸா?
– அல்சூர் வாசகர்

பதில்: சூடு சார். டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தில் ‘ஸ்பீட்’ என்று ஒரு எண் ஓடும். காலையில் 3-க்கு மேல் இருப்பது, ஊரும்போது 1-க்குக் கீழே விழுந்திருந்தால் உறுதி. பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. கடிதத்தோடு அனுப்பிய போட்டோவில் சிபியு பெட்டி சாமி அலமாரிக்குக் கீழே இருப்பதைக் கவனித்தேன். சாம்பிராணிப் புகையும் விபூதித் தூளும் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து ஃபேனில் கம்பளி மாதிரி படிந்திருக்கும். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பெட்டியைத் திறந்து, ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு, பிளோயரால் ஊதுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் பிராசஸர் மேலிருக்கும், சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கும், தெரிந்த மெக்கானிக்கிடம் சொன்னால் பத்து நிமிஷ வேலை. பெட்டியை வேறு இடத்துக்கு நகர்த்துங்கள். சாமியை நகர்த்தச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

கேள்வி: அனிமேஷன் படிக்கிறேன். பிளெண்டர் என்கிற 3டி புரோகிராமில் ஒரு ஃபிரேம் ரெண்டர் ஆக, அதாவது முழுப் படமாக உருவாக, 40 நிமிஷம். என்விடியா கார்டு இருக்கிறது. இன்னும் பெரிய கார்டு வேண்டும் என்று அப்பாவிடம் கேட்கலாமா?
– கே.ஆர். புரம் மாணவி

பதில்: மேலே பேனர் தம்பிக்குச் சொன்னதற்கு நேர்மாறு, உங்கள் வேலைக்குக் கார்டுதான் உயிர். ஆனால் இருக்கிற கார்டு வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள். எடிட், பிரெஃபரன்ஸஸ், சிஸ்டம் போனால் சைக்கிள்ஸ் ரெண்டர் டிவைசஸ் என்று இருக்கும். பெரும்பாலும் அது ‘நன்’ (None), அதாவது எதுவுமில்லை, என்றுதான் நிற்கும். என்விடியா கார்டுக்கான ஆப்டிக்ஸ் (OptiX) அல்லது கூடா (CUDA) தேர்ந்தெடுத்து, உங்கள் கார்டின் பெயரில் டிக் போடுங்கள். அதோடு விட்டுவிடாதீர்கள், ரெண்டர் பக்கத்திலும் டிவைஸ் என்பதை ஜிபியு கம்ப்யூட் ஆக்க வேண்டும். இந்த இரண்டாவதை மறப்பவர்கள்தான் அதிகம். ஒவ்வொரு பிக்சலையும் எத்தனை தடவை கணக்குப் போட வேண்டும் என்கிற சாம்பிள்ஸை 4,096 என்று அப்படியே விட்டிருப்பீர்கள். 256-க்கு இறக்கி, புள்ளி புள்ளியாகத் தெரிவதைத் துடைக்கும் டீநாய்ஸ் போட்டு ஒரு ஃபிரேம் ஓட்டிப் பாருங்கள். அப்புறமும் 40 நிமிஷம் என்றால் அடுத்த இதழுக்குள் எனக்கு எழுதுங்கள், அப்பாவிடம் அதற்குப் பிறகு பேசலாம்.