விசார்ட் ஒருத்தனே எல்லாத்தையும் முடிச்சிடறான், என்ன பண்றது?

கேள்வி: அண்ணா, நாலு ஃப்ரெண்ட்ஸுக்கு டிஎம்மா (கதைய நடத்தறவனா) டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்கற பகடை உருட்டி கதையா ஆடற விளையாட்ட நடத்திட்டு இருக்கேன், 2014ல வந்த 5வது எடிஷன் ரூல்ஸ். எல்லாரும் இப்ப லெவல் 7. சண்டைன்னா விசார்ட் (மந்திரவாதி) ஃபயர்பால்ங்கற நெருப்பு ஸ்பெல் (மந்திரம்) போட்டு முடிச்சிடறான், பூட்டுன்னா திறக்கற நாக், பள்ளம்னா பறக்க வெக்கிற ஃப்ளை, காவல்காரன்னா மயக்கற சார்ம் பர்சன். ஃபைட்டர் (வாள்வீரன்) ஆடறவன் (சாம்பியன் சப்கிளாஸ், அதாவது ஃபைட்டர்ங்கற பாத்திர வகையோட ஒரு உட்பிரிவு) பாதி நேரம் ஃபோன நோண்டிட்டு இருக்கான். ஃபயர்பால் டேமேஜ 8டி6ல (எட்டு ஆறுமுகப் பகடை) இருந்து 6டி6 ஆக்கிடலாமா? இல்ல ஃபைட்டர கிளாஸ் மாத்திக்கோன்னு சொல்லிடவா?

பதில்: தம்பி, ஃபயர்பால்ல கை வைக்காதீங்க. நீங்க சொல்ற 6டி6 ஒண்ணும் ஆகாத யோசனை இல்ல, டிஎம் கையேட்டுல புது ஸ்பெல் உருவாக்கறதுக்கு ஒரு டேபிள் இருக்கு, அதுல மூணாவது லெவல் ஸ்பெல் (ஸ்பெல்லுக்குன்னு தனி லெவல், ஆளோட லெவல் இல்ல) பல பேர அடிச்சா 6டி6னுதான் போட்டிருக்கும், ஃபயர்பால் அதுக்கு மேல ரெண்டு பகடை கூடத்தான் வாங்கிக்குது. ஆனா உங்க டேபிள்ல பிரச்சனை அது இல்ல. 8டி6னா சராசரி 28, எதிரி சேவ் (தப்பிக்க உருட்டற பகடை) ஜெயிச்சா அதுல பாதி. உங்க ஃபைட்டர்கிட்ட கிரேட்சோர்ட் (பெரிய வாள்), ஸ்ட்ரெங்த் (பலம்) பிளஸ் நாலுன்னு வெச்சுக்கோங்க, ஒரு வெட்டுக்கு சராசரி 11, ஒரு ரவுண்டுக்கு ரெண்டு வெட்டு, ரெண்டும் பட்டா 22, அது நாள் பூரா தீராது. ஒரே எதிரி நின்னா ரெண்டு பேருக்கும் பெரிய வித்தியாசமே கிடையாது. எதிரிங்க எட்டு பேர் ஒரே கும்பலா 20 அடி ஆர வட்டத்துக்குள்ள வந்து நிக்கறப்போதான் ஃபயர்பால் ராஜா, அவங்கள அப்படி நிக்க வெக்கிறது யாரு, நீங்கதானே.

நீங்க லெட்டர்ல எழுதாத ஒண்ணுதான் முக்கியம். ஒரு லாங் ரெஸ்டுக்கும் (எட்டு மணி நேர முழு ஓய்வு) அடுத்த லாங் ரெஸ்டுக்கும் நடுவுல எத்தன சண்டை வருது? என் கணிப்பு ஒண்ணு, மிஞ்சிப்போனா ரெண்டு. லெவல் 7 விசார்ட்கிட்ட ஸ்லாட், அதாவது ஸ்பெல் போடற வாய்ப்பு, முதல் லெவல்ல இருந்து நாலாவது லெவல் வரைக்கும் 4, 3, 3, 1, மொத்தம் 11. அதுபோக ஆர்கேன் ரெகவரின்னு ஒரு ஷார்ட் ரெஸ்ட்ல (ஒரு மணி நேர ஓய்வு) நாலு லெவல் அளவுக்கு ஸ்லாட் திரும்ப வந்துடும். ஒரு சண்டை மூணு நாலு ரவுண்டு போகும், அவன் போடப்போறது மிஞ்சிப்போனா நாலு ஸ்பெல், அந்த நாலையும் இருக்கறதுலயே பெருசா போட்டுட்டு மீதிய பூட்டுக்கும் பள்ளத்துக்கும் தாராளமா இறைக்கலாம். மாசச் சம்பளத்த இன்னைக்கே செலவு பண்ணிடு, நாளைக்கு காலைல மறுபடி தரேன்னு சொன்னா யாருங்க சிக்கனம் பாப்பா. ரூல்ஸ் எழுதினவங்க மனசுல வெச்ச கணக்கே வேற, ஒரு நாளைக்கு ஆறுல இருந்து எட்டு நடுத்தர இல்ல கடினமான மோதல், நடுவுல ரெண்டு ஷார்ட் ரெஸ்ட், அதையும் அதே டிஎம் கையேட்டுலதான் போட்டிருக்காங்க. எட்டு சண்டை ஓட்ட எந்த டேபிள்லயும் நேரம் இருக்காதுங்கறது வேற விஷயம், ஆனா ஒரே நாள் கதைய ரெண்டு மூணு செஷனுக்கு இழுக்கலாமே, செஷன் முடிஞ்சா தூங்கியே ஆகணும்னு எந்த ரூலும் இல்ல.

"நாங்க டைனி ஹட் போட்டு உள்ள படுத்துக்கறோம்"னு விசார்ட் சொல்வான், அது மந்திரக் குடில், ரிச்சுவலா (கூட நேரம் எடுத்து, நிதானமா) போட்டா ஸ்லாட் கூட செலவாகாது. சொல்லட்டும். ஹட்டு அம்பத் தடுக்கும், நேரத்த தடுக்காது. எட்டு மணி நேரத்துல கடத்தினவன் அடுத்த ஊருக்கு போயிடலாம், இல்ல இவங்க முழிக்கிறப்ப வெளிய நாப்பது பேர் பள்ளம் வெட்டி காத்துட்டு இருக்கலாம். லாங் ரெஸ்ட் பலன் 24 மணி நேரத்துல ஒரு தடவைதான், இதையும் நிறைய டேபிள்ல மறந்துடறாங்க. உங்க கதை நிறைய பயணம், வாரக்கணக்குல நடக்கறதுன்னா கையேட்டுலயே இருக்கற கிரிட்டி ரியலிசம் வேரியண்ட்ட பாருங்க, அதுல ஷார்ட் ரெஸ்ட் 8 மணி நேரம், லாங் ரெஸ்ட் 7 நாள். ஆனா ஒண்ணு, மேஜ் ஆர்மர் (மந்திரக் கவசம்) மாதிரி 8 மணி நேர ஸ்பெல்லுக்கெல்லாம் இதுல அடி விழும், அதனால நாலு பேர்கிட்டயும் முன்னாடியே சொல்லி ஒத்துக்கிட்ட பிறகு கொண்டுவாங்க, பாதி ஆட்டத்துல மாத்தினா சண்டை டேபிளுக்கு வெளிய வந்துடும்.

சரி, சண்டைக்கு வெளிய நடக்கறதுக்கு வரேன், எனக்கு இதுதான் உண்மையான வலியா தெரியுது. விசார்ட் "நாக் போடறேன்"னா பூட்டு திறந்துடுச்சு, பகடை இல்ல, உங்க அனுமதியும் தேவையில்ல. ஃபைட்டர் "கதவ ஒடைக்கலாமா?"னு கேக்கறான், நீங்க ஒரு டிசி (பகடைல எட்ட வேண்டிய எண்) சொல்றீங்க, அவன் உருட்டி 6 வாங்கறான், முடிஞ்சது. ஒருத்தன் அறிவிக்கிறான், ஒருத்தன் கெஞ்சறான். அப்போ கெஞ்சறவன்கிட்ட நீங்க தாராளமாவும் அறிவிக்கிறவன்கிட்ட ஸ்பெல்லோட எழுத்துக்கு எழுத்து கறாராவும் இருக்கணும். ஸ்ட்ரெங்த் 18 இருக்கறவன் சாதாரண மரக்கதவ உதைச்சா உடையட்டும், எதுக்கு பகடை?

விசார்ட் பக்கம் ஸ்பெல்ல கடைசி வரி வரைக்கும் படிச்சுப் பாருங்க. நாக் போட்டா 300 அடி தூரத்துக்கு டொக்குனு சத்தம் கேக்கும், அப்புறம் திருட்டுத்தனமா எப்படி உள்ள போவான்? சார்ம் பர்சன் முடிஞ்சதும் தன்ன மயக்கினது அந்தக் காவல்காரனுக்கு நல்லாவே தெரியும், நாளைக்கு அவன் ஆள் சேத்துட்டு வருவான். ஃப்ளை மூணாவது ஸ்லாட்ல ஒருத்தருக்குத்தான், நாலு பேரும் சேந்து பறக்கணும்னா ஆறாவது லெவல் ஸ்லாட் வேணும், அது அவன்கிட்ட இல்ல. அதுவும் கான்சன்ட்ரேஷன் ஸ்பெல் (மனச ஒருமுகப்படுத்தி தாங்கிப் பிடிக்கறது), ஒரு நேரத்துல ஒண்ணுதான், அடிபட்டா டிசி 10 இல்ல வாங்கின டேமேஜ்ல பாதி, எது பெருசோ அதுக்கு கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) சேவ். அவனுக்கு பிளஸ் ரெண்டுன்னா சின்ன சின்ன அம்பு மூணு பட்டாலே கிட்டத்தட்ட நாலுல மூணு தடவை ஸ்பெல் உடைஞ்சுடும். இந்த சேவ ஒவ்வொரு அடிக்கும் தனித்தனியா கேக்கறீங்களா? உண்மைய சொல்லுங்க.

இந்தச் சண்டை உங்க டேபிள்ல ஆரம்பிச்சது இல்ல, பழசு. 1978 அட்வான்ஸ்டு எடிஷன்ல மேஜிக் யூசர் (அப்ப விசார்டோட பேர்) நாலு முகப் பகடை உயிரோட, ஒரே ஒரு ஸ்பெல்லோட ஆரம்பிப்பான், ஃபைட்டரோ 9வது லெவல் ஆகி கோட்டை கட்டினா படையே வந்து சேரும். 2000ல வந்த மூணாவது எடிஷன்ல அந்தப் படை ஃபைட்டருக்குன்னு இல்லாம போச்சு, மந்திரம் போடறவன் மட்டும் எங்கயோ போயிட்டான். 2008ல வந்த நாலாவது எடிஷன்ல எல்லா கிளாஸுக்கும் ஒரே மாதிரி பவர் குடுத்து சமன் பண்ணாங்க, உடனே எல்லாம் ஒரே மாதிரி இருக்குன்னு கத்தினாங்க. எனக்கு அந்தப் பழைய படை சமாச்சாரம் ரொம்பப் பிடிக்கும், நீங்களும் பண்ணலாம். காவல்படைத் தலைவன் ஃபைட்டரோட பழைய தோழன், கூலிப்படை அவன் பேரச் சொன்னா வரும், இதெல்லாம் எந்த ஸ்லாட்டாலயும் வாங்க முடியாதது.

கிளாஸ் மாத்தறத பத்தி, அவன்கிட்டயே கேளுங்க, வாளோட நிக்கறது அவனுக்கு பிடிச்சிருக்கலாம், போரடிக்கிறது சாம்பியன் மட்டுமா இருக்கலாம். லெவல் 7ல சாம்பியனுக்கு அடிக்கறத தவிர யோசிக்க ஒண்ணும் இல்ல. பேட்டில் மாஸ்டர்ங்கற இன்னொரு ஃபைட்டர் சப்கிளாஸுக்கு மாத்திக்க விடுங்க, அஞ்சு மனூவர் (சண்டைத் தந்திரம்), அஞ்சு எட்டுமுகப் பகடை, எல்லாம் ஷார்ட் ரெஸ்ட்லயே திரும்ப வந்துடும். ஒரு நாளைக்கு ரெண்டு ஷார்ட் ரெஸ்ட் நீங்க குடுக்க ஆரம்பிச்சீங்கன்னா மூணாவது சண்டைல விசார்ட் ஸ்லாட்ட எண்ணிட்டு இருக்கறப்ப இவன்கிட்ட அஞ்சு பகடையும் முழுசா இருக்கும்.