புது டிவில படம் பாத்தா ஏன் நாடகம் மாதிரி தெரியுது?

கேள்வி இதுதான்: பெரிய ஸ்மார்ட் டிவி வாங்கியாச்சு, ஆனா சினிமா பாத்தா மெகா சீரியல் மாதிரி இருக்கு, டிவி பழுதா?

பழுதில்ல. போன கிழமை உப்புவெளில மாமா வீட்டயும் இதே கதைதான், பழைய ரஜினி படம் ஒண்டு போட்டா சண்டைக்காட்சி எல்லாம் வழுக்கிக்கொண்டு போற மாதிரி இருந்திச்சு, மாமி "இது என்ன, கல்யாண வீட்டு வீடியோ மாதிரிக் கிடக்கு" எண்டா, அவ சொன்னது நூறு வீதம் சரி.

சினிமா எடுக்கிறது செக்கனுக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படம். டிவி திரை செக்கனுக்கு 60 இல்லாட்டி 120 தரம் புதுப்பிக்குது. அந்த இடைவெளிய நிரப்ப டிவியே ரெண்டு பிரேமுக்கு நடுவில இல்லாத படத்த கணக்குப் போட்டு செய்து செருகுது. அதாலதான் அசைவெல்லாம் அளவுக்கு மிஞ்சி வழுக்கி, சீரியல் மாதிரித் தெரியுது. கமராமேன் எடுக்காத படம் அது! எனக்கு உண்மையா கோவம் வரும், ஒரு ஷொட்டுக்கு எவ்வளவு பாடுபட்டிருப்பாங்கள். 2018ல ஹொலிவுட் நடிகர் டொம் குரூஸே இத நிப்பாட்டச் சொல்லி வீடியோ போட்டவர்.

செட்டிங்ஸ்ல பிக்சர் பகுதிக்குப் போங்க. இந்தச் செருகுற வேலை எல்ஜில ட்ரூமோஷன், சோனில மோஷன்ஃப்ளோ எண்ட பேரில இருக்கும், ஓஃப் பண்ணுங்க. படத்த எடுத்தபடியே காட்டுற பில்ம்மேக்கர் மோட் இருந்தா அத போட்டாலே காணும். கிரிக்கெட் மெட்ச் பாக்கேக்க மட்டும் திருப்பிப் போடலாம், பந்து தெளிவாத் தெரியும். மாமா வீட்ட ஓஃப் பண்ணின உடன மாமி கதிரைய இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னுக்கு வந்து இருந்திட்டா.