விசென்ஸாவின் டியாட்ரோ ஒலிம்பிகோ: வெனிஸ் போகும்போது பார்க்கத் தகுந்ததா?

வெனிஸுக்குப் போகிறவர் வட இத்தாலியிலுள்ள விசென்ஸா நகரத்தில் இறங்கி இந்தப் பழைய நாடக அரங்கைப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கண்டிப்பாகப் பாருங்கள். வெனிஸிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான்.

கட்டடக் கலைஞர் பல்லாடியோ 1580-இல் தொடங்கிய கடைசி வேலை இது. அதே ஆண்டு அவர் இறந்துவிட்டார். 1585-இல் பண்டைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபோக்ளிஸின் ஈடிபஸ் நாடகத்தோடு அரங்கு திறக்கப்பட்டது. அந்த நாடகத்துக்காக ஸ்கமோட்ஸி என்ற கட்டடக் கலைஞர் மரத்தாலும் சுதையாலும் அமைத்த, கதை நடக்கும் தீப்ஸ் நகரத் தெருக்கள் இன்றும் மேடையில் அப்படியே நிற்கின்றன! என்னைக் கேட்டால், பார்க்க வேண்டியதே அதுதான். தரை மெல்ல மேலேறுகிறது, வீடுகள் உள்ளே போகப் போகச் சிறுக்கின்றன. அதனால் சில மீட்டர் ஆழம் நீண்ட வீதியாகத் தெரிகிறது. நடிகர் பின்னால் போய் நின்றால் வீட்டைவிட உயரமாகிவிடுவார். நடு இருக்கையில் உட்கார்ந்து முதலில் பாருங்கள். அப்புறம் ஓரங்களுக்கு நகருங்கள். ஒவ்வொரு இடத்திலும் வேறொரு தெரு திறக்கும்.

பொதுவாகத் திங்கட்கிழமை விடுமுறை. இலையுதிர் காலத்தில் நாடகங்கள் நடக்கும், டிக்கெட் கிடைத்தால் விடாதீர்கள்.