ஈராக்கில் சர்வாதிகாரி சதாம் உசேனைப் பிடிக்காதவர்கள்கூட, 2003-ல் அவரை வீழ்த்திய அமெரிக்கப் படையை ஏன் எதிர்த்தார்கள்?

பலூஜா நகரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2003 ஏப்ரலில் அங்கே வந்த அமெரிக்கப் படை ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டது. படைக்கு அது வசதியான கட்டடம், அவ்வளவுதான். ஊரிலோ, மாடியில் நிற்கும் சிப்பாய்கள் வீட்டுப் பெண்களை நோட்டம் விடுகிறார்கள் என்றே பேச்சு. இருட்டில் பார்க்கும் கண்ணாடி துணியையும் ஊடுருவுமாம் என்ற வதந்தி வேறு. ஏப்ரல் 28 அன்று, பள்ளியைக் காலி செய்யச் சொல்லிக் கூட்டம் திரண்டது. படை சுட்டதில் 17 பேர் இறந்ததாக ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு பதிவு செய்திருக்கிறது. கூட்டத்திலிருந்துதான் முதலில் சுட்டார்கள் என்றது படை; ஊர் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

அப்புறம் நள்ளிரவுச் சோதனைகள். கதவை உடைத்து, பெண்கள் இருக்கும் அறைக்குள் பூட்ஸ் காலோடு நுழைந்து, குடும்பத் தலைவரைப் பிள்ளைகள் கண்முன்னே குப்புறப் படுக்கவைப்பது. சிப்பாய்க்கு அது பாதுகாப்பு நடைமுறை. அங்கே அது குலத்துக்கே மானக்கேடு. பழி தீர்ப்பது அண்ணன் தம்பி, பங்காளிகள் எல்லோருக்கும் கடமையாகிவிடும்.

சரி, எல்லாமே பண்பாட்டுக் குழப்பம்தானா? இல்லை. 2003 மே மாதம், ஈராக்கை நிர்வகிக்க அமெரிக்கா அனுப்பிய பால் பிரெமர் ஈராக் ராணுவத்தைக் கலைத்ததில் லட்சக்கணக்கானவர்களின் பிழைப்பு போனது. என் கணக்கில் அது இன்னும் பெரிய காரணம். அவர்கள் எல்லோரும் துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவர்கள் வேறு.