சைக்கிள் வலிகள்: வாசகர் கேள்விகளுக்கு ஓர் இயன்முறை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: ஞாயிறுதோறும் நண்பர்களோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை ரோட் சைக்கிளில் போய்வருகிறேன். கோவளம் தாண்டியதும் இரண்டு கைகளிலும் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன. திரும்பும்போது கழுத்தும் பிடித்துக்கொள்கிறது. ஜெல் வைத்த கையுறை வாங்கினேன், ஹேண்டில்பாரில் தடித்த டேப் சுற்றினேன், பலனில்லை. பைக் ஃபிட்டிங் செய்துகொள் என்கிறார்கள். சட்டைக்கு அளவெடுப்பதுபோல சைக்கிளுக்கும் அளவெடுப்பார்களாமே, அதற்குப் பல ஆயிரம் ரூபாய் கொடுப்பது நியாயமா?

– மென்பொருள் ஊழியர், சோழிங்கநல்லூர்

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஃபிட்டிங் செய்து கொடுப்பவள் அல்ல. அது முடிந்த பிறகும் வலி தீராமல் வருபவர்களைப் பார்ப்பவள். நன்றாக முடிந்தவர்கள் என்னைத் தேடி வருவதில்லை. ஆகவே என் பதிலில் கொஞ்சம் கசப்பு தென்பட்டால் அதற்கேற்பக் கழித்துக்கொள்ளுங்கள்.

சுண்டுவிரலுக்கும் மோதிர விரலின் ஒரு பாதிக்கும் உணர்ச்சி தருவது அல்னார் நரம்பு. உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கத்து மேட்டுக்கு அடியில், மிகக் குறுகிய வழியொன்றில் அது நுழைந்து போகிறது. ஹேண்டில்பார் அழுத்துவதும் அதே இடத்தில்தான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்தால் அது மீடியன் என்ற வேறு நரம்பு. பெரும்பாலும் மணிக்கட்டை மடக்கிப் பிடிப்பதால் வருவது. நீங்கள் வாங்கிய கையுறையும் டேப்பும் கைமேல் விழும் எடையைப் பரப்புமே தவிர, குறைக்காது. உங்கள் உடல் எடை ஏன் கைகளுக்கு வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

வழக்கமான காரணங்கள் மூன்று. சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் உடல் முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்கும். கைகள் அதைத் திரும்பத் திரும்பப் பின்னுக்குத் தள்ளும். ஹேண்டில்பார் எட்டாத தொலைவில் இருந்தால் முழங்கை விறைத்து நிற்கும். சாலையின் ஒவ்வொரு அதிர்வும் தோளுக்கும் கழுத்துக்கும் நேரே போகும். ஹேண்டில்பார் மிகத் தாழ்வாக இருந்தாலோ, எதிரே பார்ப்பதற்குத் தலையை மணிக்கணக்கில் அண்ணாந்தபடி பிடித்திருக்க வேண்டும். உங்கள் கழுத்துவலி கடைசி இரண்டில் ஒன்று என்று நினைக்கிறேன்.

பணம் கொடுக்கும் முன் வீட்டிலேயே ஒரு காரியம் செய்யுங்கள். கொத்தனார் வைத்திருப்பாரே, ரசமட்டம், அதைச் சமதரையில் நிறுத்திய சைக்கிளின் சீட்டின் மேல் நீளவாக்கில் வையுங்கள். குமிழ் நடுவில் நிற்க வேண்டும். இல்லையென்றால் ஓர் ஆலன் கீயால் சரியாகிவிடக்கூடிய விஷயம் அது. அப்படியே டயரையும் பாருங்கள். பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் காற்றழுத்தம் உச்ச வரம்பு. அந்த அளவுக்குக் கட்டாயம் அடிக்க வேண்டும் என்பதல்ல. சராசரி எடையுள்ளவர் கல்போல அடித்துக்கொண்டு போவதால் வேகம் கூடாது, கை அதிர்வதுதான் மிச்சம்.

இவ்வளவுக்குப் பிறகும் விரல் மரத்தால், ஆம், ஃபிட்டிங்குக்குப் போங்கள். ஆனால் சட்டை உவமையை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சட்டைக்கு அளவெடுக்கும்போது நீங்கள் நிற்கிறீர்கள். சைக்கிளிலோ உங்கள் கால் மணிக்கு ஏறக்குறைய 5,000 முறை சுழல்கிறது. நிற்கும்போது நேராக இருக்கும் முழங்கால், சுழலும்போது உள்பக்கம் சாயலாம். களைத்த பிறகு இன்னும் சாயலாம். அதனால் நல்ல ஃபிட்டிங் உங்களை ஓட்டவைத்துப் பார்ப்பதுதான். அதற்கும் முன்னால், சைக்கிளைத் தொடாமலே, பெஞ்சில் படுக்கவைத்துத் தொடையின் பின்தசை எவ்வளவு நீளுகிறது, இடுப்பு எவ்வளவு மடங்குகிறது, இரண்டு கால்களும் ஒரே நீளமா, பாதம் தட்டையா என்று பார்ப்பார்கள். பழைய அடிபட்ட கதைகளைக் கேட்பார்கள். பிறகு சைக்கிளை ட்ரெய்னரில் (நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் தாங்கியில்) பூட்டி, உடல் சூடேறும்வரை ஓட்டச் சொல்வார்கள். மூட்டுகளில் ஒட்டிய குறிகளைக் கேமரா தொடர்ந்து கோணங்களைக் கணினியில் காட்டும் கருவிகள் உண்டு. ரெட்யூல் அதில் பெயர்பெற்றது. கோணமானியும் தூக்குக்குண்டும் செல்போன் வீடியோவும் மட்டும் வைத்துக்கொண்டு பிரமாதமாகச் செய்பவர்களும் உண்டு. கருவியை வைத்து ஆளை எடைபோடாதீர்கள். இதற்கெல்லாம் இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். அரை மணியில் முடித்து அனுப்புகிறவர் சீட் உயரத்தை மட்டும்தான் மாற்றியிருப்பார்.

முன்பதிவு செய்யும்போது சில கேள்விகள் கேளுங்கள். சில வாரம் ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தால் கூடுதல் கட்டணம் இல்லாமல் பார்ப்பீர்களா? ஹேண்டில்பாரை ஃப்ரேமோடு இணைக்கும் ஸ்டெம்மை மாற்ற வேண்டி வந்தால் வெவ்வேறு நீளங்களில் பொருத்திக் காட்ட முடியுமா? இறுதி அளவுகளை எழுதித் தருவீர்களா? முதல் கேள்விக்கு 'இல்லை' என்று சொல்பவரிடம் நான் போக மாட்டேன். உடல் புதிய நிலைக்குப் பழகச் சில வாரம் ஆகும். அதற்குப் பிறகுதான் சிறு திருத்தங்கள் தெரியவரும்.

வாரம் தவறாமல் இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டி, வலியோடு வீடு திரும்புகிற உங்களுக்கு அந்தத் தொகை நியாயம்தான். டைடல் பூங்காவுக்குத் தினம் ஐந்து கிலோமீட்டர் போய்வருகிறவருக்கு அல்ல. சைக்கிள் வாங்கப்போகிற நண்பர் யாராவது இருந்தால் வாங்கும் முன்னால் போகச் சொல்லுங்கள். ஸ்டெம்மை மாற்றலாம், சீட்டை நகர்த்தலாம். அளவு தவறிய ஃப்ரேமை எந்த நிபுணராலும் சுருக்க முடியாது.

கைவிரல் மரப்பு சைக்கிளை விட்டு இறங்கிய பிறகும் நாள்கணக்கில் நீடித்தாலோ, விரல்களை விரிப்பதில் வலு குறைந்தாலோ, ஃபிட்டிங்குக்கு முன் மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: என் உயரம் 158 செ.மீ. கணவர் ஆசையாக வாங்கி ஆறு மாதத்தில் கைவிட்ட 54 அளவு ரோட் சைக்கிளை நான் ஓட்டுகிறேன். ஒரு மணி நேரத்தில் உட்கார முடியவில்லை. ஜெல் சீட் போட்டும் வலி கூடியதே தவிரக் குறையவில்லை. எந்த சீட் நல்லது?

– வாசகி, பெரம்பூர்

பதில்: ஜெல் சீட்டைக் கழற்றிவிடுங்கள், அம்மா. மெத்தென்று இருக்கிறதே என்று நம்பித்தான் எல்லோரும் வாங்குகிறோம். நம்மைத் தாங்க வேண்டியவை இடுப்பெலும்பின் அடியில் உள்ள இரண்டு முட்டுகள். மிக மென்மையான சீட்டில் அவை அமிழ்ந்துவிட, நடுவிலுள்ள ஜெல் மேலெழுந்து, அழுத்தமே தாங்கக்கூடாத மென்மையான பகுதியை நசுக்குகிறது.

அந்த முட்டுகளுக்கு இடையே உள்ள தூரத்தை வீட்டிலேயே அளக்கலாம். மரப்பெஞ்சின் மேல் அட்டைப்பெட்டியின் அட்டை ஒன்றைப் போட்டு, முன்னால் சாய்ந்து அழுத்தி உட்கார்ந்து எழுங்கள். இரண்டு பள்ளங்கள் தெரியும். அவற்றின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தோடு ஏறத்தாழ 2 செ.மீ. சேர்த்தால் உங்களுக்கு வேண்டிய சீட் அகலத்துக்குப் பக்கத்தில் வரும். கடைகளில் ஒரே மாதிரி சீட் 143, 155 மில்லிமீட்டர் என்று வெவ்வேறு அகலங்களில் கிடைக்கிறது. நடுவில் வெட்டுவிட்ட சீட் பல பெண்களுக்கு நிம்மதி தருகிறது.

ஆனால் உங்கள் விஷயத்தில் சீட்டைவிட அதற்கு முன்னால் இருக்கும் தூரத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம். 54 அளவு ஃப்ரேம் உங்கள் உயரத்துக்குப் பெரியது. எட்டாத ஹேண்டில்பாரை எட்டுவதற்காகச் சீட்டின் மூக்கு நுனிக்கு நகர்ந்து உட்காருகிறீர்கள்; அங்கே எலும்புக்குத் தாங்கல் கிடையாது. குட்டையான ஸ்டெம் ஓரளவு உதவும். பிரேக் பிடிகளைக் கைக்கு அருகில் கொண்டுவரப் பெரும்பாலான பிடிகளில் ஒரு சிறு திருகாணி இருக்கிறது. அதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார், நீங்களே கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். இதெல்லாம் செய்தும் சரிவரவில்லையென்றால் விற்றுவிட்டு உங்கள் அளவில் ஒன்று வாங்குவதே மேல். விற்ற பணம் உங்களுடையது என்பதைக் கணவரிடம் முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள்.

பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டைக்குள் உள்ளாடை அணிய வேண்டியதில்லை. அணிந்தால் தையல் உரசும். நம் ஊர் வியர்வையில் அது புண்ணாகும். இந்த ஒன்றைக் கேட்க வெட்கப்பட்டே பலர் மாதக்கணக்கில் அவதிப்படுகிறார்கள்.

கேள்வி: சீட் உயரத்துக்கு, காலின் உள்நீளத்தை 0.883-ஆல் பெருக்க வேண்டும் என்கிறார் ஒருவர். 109 சதவீதம் என்கிறார் இன்னொருவர். எது சரி?

– பொறியியல் மாணவர், அம்பத்தூர்

பதில்: டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலை இருக்கும் ஊர்க்காரர் அடையாற்றுக்காரியிடம் சைக்கிள் கணக்குக் கேட்கிறார். சரி, போட்டுப் பார்ப்போம்.

காலின் உள்நீளம் 80 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, தடித்த புத்தகத்தைக் கவட்டையில் இறுக்கி வைத்து அளந்தது. 0.883 என்பது அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட், தன் பயிற்சியாளர் சிரில் கிமாரின் முறை என்று பரப்பியது. பெடலைத் தாங்கும் தண்டான கிராங்க் சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்புவரை அளப்பது. 70.6 செ.மீ. வருகிறது. 109 சதவீதம் 1967-இல் வெளியான ஓர் ஆய்விலிருந்து வந்தது. பெடல் கீழே இருக்கும்போது அதன் அச்சிலிருந்து அளப்பது. 87.2 செ.மீ. அதில் 170 மில்லிமீட்டர் கிராங்கைக் கழித்தால் 70.2. வித்தியாசம் 4 மில்லிமீட்டர். உங்கள் காலணியின் அடிப்பாகமும் பெடலின் தடிமனும் சேர்ந்தால் அதைவிட அதிகமாகவே மாறும். இரண்டில் ஏதாவதொன்றில் தொடங்குங்கள், சண்டை வேண்டாம்.

அதன்பிறகு முழங்காலைப் பாருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் முழுதாக நீளாமல் 25 முதல் 35 டிகிரி மடங்கியிருப்பது பெரும்பாலானவர்களுக்குப் பாதுகாப்பான எல்லை. முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்ந்திருக்கலாம் அல்லது முன்தள்ளி இருக்கலாம். பின்பக்கம் வலித்தால் உயர்ந்திருக்கலாம். பின்னால் வரும் நண்பரிடம் உங்கள் இடுப்பு இடமும் வலமும் ஆடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆடினால் சீட் உயரம் அதிகம், சூத்திரம் என்ன சொன்னாலும் சரி. ஒரே நேரத்தில் மூன்று நான்கு மில்லிமீட்டருக்கு மேல் மாற்றாதீர்கள்.

பெல்ஜியம் வீரர் எடி மெர்க்ஸ் 1969-இல் ப்ளுவா நகரில் நடந்த விபத்தில் இடுப்பில் அடிபட்ட பிறகு தன் சீட் உயரத்தை ஓயாமல் மாற்றிக்கொண்டே இருந்தார். ஐந்து முறை டூர் டி பிரான்ஸ் வென்றவருக்கே ஒரு எண் நிலைக்கவில்லை.

கேள்வி: வயது 64. ஆயுள் முழுக்க அட்லஸ் சைக்கிள் ஓட்டியவன். மகன் கியர் சைக்கிள் வாங்கித் தந்தான். பாதுகாப்புக்காக, உட்கார்ந்தபடியே இரண்டு கால்களும் தரையில் படும்படி சீட்டை இறக்கி வைத்திருக்கிறேன். முழங்கால் வலிக்கிறது. வயதாகிவிட்டதா?

– ஓய்வுபெற்ற ஆசிரியர், நங்கநல்லூர்

பதில்: வயது ஆகத்தான் செய்கிறது, ஐயா. ஆனால் இந்த வலிக்குக் காரணம் சீட். அவ்வளவு தாழ்ந்த சீட்டில் முழங்கால் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கி, அந்த நிலையிலேயே மிதிக்கிறது. சுமை அத்தனையும் முழங்கால் சில்லின் தலையில்தான். நீங்கள் பழைய அட்லஸில் எப்படி இறங்குவீர்கள் என்று நினைத்துப் பாருங்கள்: சீட்டிலிருந்து முன்னால் நழுவி, ஒரு காலை ஊன்றுவீர்கள். புதியதிலும் அதையே செய்யலாம்.

என் சிகிச்சையகத்துக்கு முழங்கால் வலியோடு வரும் சைக்கிள்காரர்களைச் சைக்கிளோடுதான் வரச் சொல்கிறேன். லிஃப்டில் ஏற்றக்கூடாது என்று காவலாளி தவறாமல் தகராறு செய்கிறார். முதல் மாடிதான், தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். உங்கள் வயதுக்காரர்களில் பெரும்பாலோருக்கு நான் செய்யும் முதல் சிகிச்சை சீட்டை உயர்த்துவது. சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் அமர்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து அடிவரை கொண்டுபோங்கள். கால் நேராக நீண்டால் உயரம் ஏறத்தாழச் சரி. ஒரே நாளில் அங்கே போக வேண்டாம்; வாரத்துக்கு மூன்று நான்கு மில்லிமீட்டர் போதும். உங்களுக்கு ஃபிட்டிங் செலவு தேவையில்லை.

கேள்வி: 200 கி.மீ. பிரவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) ஓட்டப் பதிவு செய்திருக்கிறேன், 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். அதற்கு முந்தின வாரம் ஃபிட்டிங் செய்துகொள்ளலாமா?

– வாசகர், வேளச்சேரி

பதில்: வேண்டவே வேண்டாம். ஒன்றரை மாதமாவது முன்னால் செய்யுங்கள், இல்லையென்றால் முடித்த பிறகு. புது நிலையில் இதுவரை உழைக்காத தசைகள் உழைக்கும். அதை 200 கிலோமீட்டரில் சோதிக்காதீர்கள்.

கேள்வி: ஃபிட்டிங்குக்குப் போனேன். சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட் ஃப்ரேமுக்குள் இறுகிவிட்டதால் உயரத்தை மாற்றவே முடியாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. என்ன செய்வது?

– வாசகர், திருவான்மியூர்

பதில்: உப்புக்காற்றும் உங்கள் வியர்வையும் சேர்ந்து செய்த வேலை. இரும்பு ஃப்ரேமுக்குள் அலுமினியம் போஸ்ட் இருந்தால் இரண்டு உலோகங்களும் உப்பீரத்தில் வினைபுரிந்து ஒட்டிக்கொள்ளும். கிளாம்பைத் தளர்த்தி, ஊடுருவும் எண்ணெய் விட்டு, ஓர் இரவு வைத்து, பழகிய மெக்கானிக்கிடம் கொடுங்கள். சுத்தியலை எடுக்காதீர்கள். கார்பன் ஃப்ரேம் என்றால் முறுக்கிக்கூடப் பார்க்காதீர்கள், விரிசல் விழும். வெளியே வந்த பிறகு துடைத்துவிட்டு, உலோகத்துக்குக் கிரீஸ், கார்பனுக்கு அதற்கென்று விற்கும் பேஸ்ட் தடவிப் பொருத்துங்கள். இனி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி மாட்டுங்கள். கழற்றும் முன் போஸ்ட்டில் மின்கம்பிக்குச் சுற்றும் டேப்பை ஒரு சுற்று ஒட்டி உயரத்தைக் குறித்துக்கொண்டால் திரும்ப அளக்க வேண்டியதில்லை.