அதிபரும் நீதிபதிகளும்: டர்பன் வக்கீலிடம் கேட்டவை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நெடுநாள் வக்கீலாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நம்மவர்கள் கேட்டவற்றுக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

சாட்ஸ்வொர்த் அக்கா ஒருவர்: மண்டேலாவுக்கு எதிராகவே தீர்ப்பு வந்ததாமே?

வந்ததுக்கா. 1995 செப்டம்பரில். உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிய நேரம். உள்ளாட்சிச் சட்டத்தை அறிவிப்பு மூலமே மாற்றிக்கொள்ளும் அதிகாரத்தைப் பாராளுமன்றம் மண்டேலாவுக்குக் கொடுத்திருந்தது. அவர் மாற்றியதை எதிர்த்து மேற்குக் கேப் மாகாண அரசு வழக்குப் போட்டது. சட்டம் இயற்றும் வேலையை அதிபரிடம் இப்படித் தூக்கிக் கொடுக்க முடியாது என்று, அரசியலமைப்பு விஷயங்களில் கடைசித் தீர்ப்பு சொல்லும் அரசியலமைப்பு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதன் தலைவர் ஆர்தர் சாஸ்கல்சன் யார் தெரியுமா? மண்டேலாவுக்கு ஆயுள் தண்டனை கிடைத்த ரிவோனியா வழக்கில் அவருக்காக வாதாடிய வக்கீல்களில் ஒருவர். அவரை நியமித்தவரும் மண்டேலாதான். தோற்ற மண்டேலா நாட்டு மக்கள் முன் வந்து, தீர்ப்பை ஏற்கிறேன் என்றார். என்னைக் கேட்டால், இந்த நாட்டின் மிகப் பெரிய தீர்ப்பு இதுதான். மரண தண்டனையை ஒழித்த தீர்ப்பைவிடவும் பெரியது.

வெருலம் தம்பி: அவர் சாட்சிக் கூண்டிலும் ஏறினாரா?

ஏறினார், 1998இல், பிரிட்டோரியாவில். ரக்பி நிர்வாகத்தை விசாரிக்க அவர் கமிஷன் வைத்ததை எதிர்த்து ரக்பி சங்கம் போட்ட வழக்கு அது. அடுத்த வருடம் மேல்முறையீட்டில் அரசு ஜெயித்தது. அதிபரைச் சாட்சி சொல்ல அவ்வளவு சுலபமாகக் கூப்பிடக்கூடாது என்றும் அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது.

பீனிக்ஸ் தம்பி: ஜூமாவைச் சிறைக்கு அனுப்பியது சரிதானா அங்கிள்? அதனால்தானே நம் ஊர் எரிந்தது?

கொஞ்சம் முன்னாலிருந்து பார்க்க வேண்டும். அதிபராக இருந்த ஜூமாவின் இன்காண்ட்லா வீட்டுக்கு அரசுப் பணத்தில் நீச்சல் குளம், மாட்டுப்பட்டி, கோழிக்கூடு எல்லாம் கட்டினார்கள். பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்டச் சொன்னார், அரசின் முறைகேடுகளை விசாரிக்கும் மக்கள் பாதுகாவலராக இருந்த தூலி மடோன்செலா. ஜூமா கட்டவில்லை. 2016 மார்ச் 31 அன்று, அரசியலமைப்பைக் காக்கத் தவறினார் என்று தலைமை நீதிபதி மொகோங் தீர்ப்பை வாசித்தார். கடைசியில் 78 லட்சம் ராண்டுக்கு மேல் கட்டினார்.

அப்புறம் ஜூமா காலத்து ஊழலை விசாரித்த சோண்டோ கமிஷன். வரச்சொல்லி நீதிமன்றமே உத்தரவிட்டும் அவர் போகவில்லை. 2021 ஜூன் 29இல் அவமதிப்புக்கு 15 மாதச் சிறை. ஒன்பது நீதிபதிகளில் இரண்டு பேர் மாறுபட்டார்கள். விசாரணை நடத்தாமல் ஒருவரைச் சிறையில் போடலாமா என்பது அவர்கள் கேள்வி. அதில் நியாயம் இருக்கிறது, அதையும் படித்துப் பார். ஆனாலும் பெரும்பான்மைத் தீர்ப்பின் பக்கம்தான் நான். நீதிமன்ற உத்தரவை மதிக்காவிட்டால் உன்னையும் என்னையும் உள்ளே வைப்பார்கள் இல்லையா?

அவர் சிறைக்குப் போனதும் வெடித்த கலவரத்தில் 350க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். எங்கள் தெருமுனையில் நாங்களும் இரவெல்லாம் விழித்திருந்தோம். அந்தப் பயம் எனக்கும் தெரியும் தம்பி. ஆனால் நம் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் பீனிக்ஸில் கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்கள். கடையை எரித்தவனும் துப்பாக்கி எடுத்தவனும் செய்ததற்கு நீதிபதியைக் குற்றம் சொல்லாதே.

ஜோகன்னஸ்பர்க் ஐயா: பிடிக்காத நீதிபதியை அதிபர் நீக்க முடியுமா?

தானாக முடியாது ஐயா. நீதிபதிகளைத் தேர்வு செய்யும் நீதித்துறை ஆணையம் குற்றம் கண்டு, பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு விழ வேண்டும். பிடித்தவரை வைத்துக்கொள்வதும் அப்படித்தான். 2011இல் தலைமை நீதிபதி இங்கோபோவின் பதவிக்காலத்தை ஜூமா நீட்டினார். வழக்கு வந்தது. தீர்ப்புக்கு இரண்டு நாள் முன்பு இங்கோபோவே வேண்டாமென்று விலகினார். அப்படியும் விடாமல், நீட்டித்தது செல்லாது என்று அவருடைய சக நீதிபதிகளே தீர்ப்பெழுதினார்கள்.

அப்படி நீக்கப்பட்டவர்களில் ஒருவர் மேற்குக் கேப் உயர் நீதிமன்றத் தலைவராக இருந்த ஜான் ஹ்லோபே. 2024 பிப்ரவரியில் பாராளுமன்றம் வாக்களித்தது, மார்ச்சில் அதிபர் நீக்கினார். 2008இல் ஜூமா தொடர்பான வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்ற நீதிபதிகளைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தார் என்பது குற்றச்சாட்டு. முடிவு வர 16 வருடம் ஆனது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பிறகு அவர் ஜூமாவின் கட்சியில் எம்.பி. ஆனார். அதே நீதித்துறை ஆணையத்துக்கே பாராளுமன்றம் அவரை அனுப்பியது. கேப் டவுன் உயர் நீதிமன்றம் அவர் அங்கே உட்காரத் தடை போட்டது.